மடகாஸ்கர்: லெமூர்களின் தீவுக்கு டூரிஸ்ட் வராமல் போனால் காடு என்ன ஆகும்?

தண்ணீர் வரவில்லை, கரண்ட் இல்லை. இதுதான் கோரிக்கை. 2025 செப்டம்பர் 25 அன்று மடகாஸ்கர் தலைநகர் அன்டனனரிவோவின் தெருக்களில் இறங்கிய இளைஞர்கள் முதலில் கேட்டது இவ்வளவுதான். மூன்றே வாரத்தில் அந்த நாட்டின் அதிபர் ஆண்ட்ரி ராஜோலினா நாட்டைவிட்டே போய்விட்டார். ராணுவத்தின் 'கேப்சாட்' பிரிவைச் சேர்ந்த கர்னல் மைக்கேல் ராண்ட்ரியானிரினா அக்டோபர் 17ஆம் தேதி அதிபராகப் பதவியேற்றார். ஆப்பிரிக்க யூனியன் அந்த நாட்டை இடைநீக்கம் செய்தது. போராட்டத்தின் தொடக்க நாட்களில் மட்டும் குறைந்தது 22 பேர் உயிரிழந்ததாக ஐ.நா. கூறியது. அன்றைய அரசு அந்த எண்ணிக்கையை மறுத்தது.

'ஜென் ஸீ போராட்டம்' என்ற பெயரில் நேபாளத்தோடு சேர்த்து இந்தச் செய்தியும் உலகம் முழுக்கச் சுற்றியது. 'ஒன் பீஸ்' அனிமேவின் மண்டையோட்டுக் கொடிக்கு மடகாஸ்கர்காரர்களின் தொப்பியைப் போட்டுவிட்ட அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். ஆனால் செய்தியில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இதற்கு உண்டு. போராட்டம் நடந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் மடகாஸ்கரில் சுற்றுலா சீசனின் உச்சம். மழை தொடங்குவதற்கு முந்தைய மாதங்கள். விமான நிலையத்தில் ஆள் இறங்க வேண்டிய நேரத்தில் ஊரடங்கு. வெளிநாட்டு அரசுகள் தங்கள் குடிமக்களுக்குப் பயண எச்சரிக்கை விடுத்தன.

டூரிஸ்ட் வரவில்லை என்றால் ஹோட்டல்காரருக்கு நஷ்டம், அவ்வளவுதானே என்று தோன்றலாம். மடகாஸ்கர் விஷயத்தில் அது அவ்வளவோடு முடிவதில்லை. அங்கே டூரிஸ்ட்டுக்கும் காட்டுக்கும் இடையே ஒரு கணக்கு இருக்கிறது. 2009இல் ஒருமுறை அந்தக் கணக்கு எப்படிப் பிசகியது என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

அதற்கு முன்னால், அந்தத் தீவில் அப்படி என்னதான் இருக்கிறது?

தீவா, குட்டிக் கண்டமா?

'தீவு' என்றதும் நம்ம மனசில் வருவது கடற்கரை, தென்னை மரம், ஒரு நாளில் சுற்றிவந்துவிடலாம் என்கிற அளவு. மடகாஸ்கர் அப்படி இல்லை. சுமார் 5.87 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. கிரீன்லாந்து, நியூ கினி, போர்னியோவுக்கு அடுத்து உலகின் நான்காவது பெரிய தீவு. வடக்கிலிருந்து தெற்கே கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர் நீளம். கிழக்கு ஓரத்தில் வருடம் முழுக்க மழை பெய்யும் அடர்காடு, நடுவில் குளிரும் மேட்டுநிலம், மேற்கே இலையுதிர் காடு, தென்மேற்கில் முள்மரங்கள் மட்டுமே நிற்கிற வறண்ட பூமி. ஒரே நாட்டுக்குள் நான்கு ஊர் பார்த்தது மாதிரி.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் கடைசிச் சொந்தம் ஆப்பிரிக்கா அல்ல, இந்தியா. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை மடகாஸ்கரும் இந்திய நிலத்துண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவில் போய் மோதியது. மடகாஸ்கர் அங்கேயே நின்றுவிட்டது. பாலக்காடு, காவிரிப் பகுதியின் மிகப் பழமையான பாறைகளையும் தெற்கு மடகாஸ்கரின் பாறைகளையும் பக்கத்தில் வைத்து, எது எதோடு பொருந்தும் என்று புவியியலாளர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் ஞாபகம் வரும்: லெமூரியா. அந்தப் பெயர் வந்ததே மடகாஸ்கரின் லெமூர்களை வைத்துத்தான். 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூரும் அதன் உறவுக்கார விலங்குகளும் மடகாஸ்கரிலும் இருக்கின்றன, இந்தியப் பக்கமும் இருக்கின்றன, நடுவில் கடல். அப்படியென்றால் இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த நிலத்துக்கு வைத்த பெயர்தான் லெமூரியா. பின்னாளில் அது தமிழ்நாட்டில் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது தனிக்கதை. கண்டங்கள் நகர்கின்றன என்பது நிரூபணமான பிறகு மூழ்கிய கண்டத்துக்கான தேவையே அறிவியலில் இல்லாமல் போனது. ஸ்க்லேட்டரின் ஊகம் தவறு. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. லெமூரின் அந்தத் தூரத்து உறவை இன்றும் நம்ம ஊரிலேயே பார்க்கலாம், தேவாங்கு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு 2022இல் அறிவித்ததே அதற்காகத்தான்.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமா? மே மாதம் தெருவெல்லாம் சிவப்பாகப் பூக்கிற குல்மொஹர், அதாவது செம்மயிற்கொன்றை, மடகாஸ்கர் மரம். வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கிற நித்யகல்யாணி மடகாஸ்கர் செடி. ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் அந்தச் செடியிலிருந்துதான் கிடைத்தன. கல்யாண மண்டபம், ரிசார்ட் முன்னால் விசிறி மாதிரி விரிந்து நிற்கிற விசிறி வாழையும் அங்கிருந்து வந்ததுதான். பார்க்காமலேயே மடகாஸ்கரை நாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வேறெங்கும் இல்லாதவை

கோடிக்கணக்கான ஆண்டுகள் தனியாக நின்றதால், அங்கே உருவானவை அங்கேயே தங்கிவிட்டன. மடகாஸ்கரின் வனவிலங்குகளிலும் தாவரங்களிலும் பெரும்பாலானவை, சுமார் பத்தில் எட்டு ஒன்பது, உலகில் வேறு எங்கும் இயற்கையாக இல்லை. குரங்கு கிடையாது, சிங்கம் கிடையாது, யானை கிடையாது. அந்த இடங்களையெல்லாம் நூற்றுக்கும் மேற்பட்ட லெமூர் வகைகளும், பூனை மாதிரியும் நாய் மாதிரியும் இருக்கிற ஃபோசா என்ற வேட்டை விலங்கும் நிரப்பியிருக்கின்றன. உலகின் பச்சோந்தி வகைகளில் ஏறக்குறைய பாதி அங்கேதான். 2021இல் விவரிக்கப்பட்ட 'புரூக்கீசியா நானா' என்ற பச்சோந்தியின் ஆண், வாலோடு சேர்த்தே சுமார் 22 மில்லிமீட்டர். விரல்நுனியில் உட்கார்ந்தாலும் இடம் மிச்சம் இருக்கும்.

வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் முதலில் போவது ஆண்டசிபே காட்டுக்கு. தலைநகரிலிருந்து கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர். காலையில் பனி விலகும் நேரத்தில் இன்ட்ரி கத்தும். லெமூர்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று இது, கறுப்பு வெள்ளை நிறம், வால் இல்லை என்றே சொல்லலாம். அதன் குரலைக் 'கத்தல்' என்பது சரியில்லை, நீண்ட பாட்டு அது. ஒரு குடும்பம் ஆரம்பிக்கும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடும்பம் பதில் சொல்லும். இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். இந்த விலங்கை மிருகக்காட்சி சாலைகளில் வளர்க்கச் செய்த முயற்சிகள் தோற்றுப்போயின. அதனால் இன்ட்ரியின் பாட்டை நேரில் கேட்க வேண்டுமென்றால் மடகாஸ்கருக்குத்தான் போக வேண்டும். வேறு வழியே இல்லை.

தென்கிழக்கில் ரனோமபானா. 1986இல் அங்கே பொன்னிற மூங்கில் லெமூர் கண்டறியப்பட்ட பிறகு, அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா ரைட்டின் முயற்சியோடு 1991இல் தேசியப் பூங்காவானது. மற்ற விலங்கைக் கொல்லக்கூடிய அளவு சயனைடு இருக்கிற மூங்கில் குருத்தை இந்த லெமூர் தினமும் தின்கிறது. எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை.

மேற்கில் சிஞ்சி டே பெமராஹா. சுண்ணாம்புப் பாறை மழையில் கரைந்து கரைந்து, ஊசிகளை நட்டு வைத்தது மாதிரி ஒரு கல் காடு. 1990லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஏணியும் தொங்குபாலமும் கயிறும் பிடித்துத்தான் ஏற வேண்டும். மழைக்காலத்தில் போக முடியாது, சாலையே இருக்காது.

பிறகு அந்தப் புகழ்பெற்ற பாவோபாப் சாலை. மொரொண்டவா நகரத்துக்குப் பக்கத்தில், செம்மண் பாதையின் இரண்டு பக்கமும் சுமார் 30 மீட்டர் உயரத்துக்குத் தூண் தூணாக நிற்கிற மரங்கள். ராமநாதபுரம் பக்கம் சில ஊர்களில் நிற்கிற ஆனைப்புளிய மரத்தின் உறவு. உலகில் எட்டு பாவோபாப் வகைகள் இருக்கின்றன, அதில் ஆறு மடகாஸ்கருக்கு மட்டுமே சொந்தம். சூரியன் மறையும்போது எடுத்த அந்தப் படம் இல்லாத பயண விளம்பரமே இல்லை.

ஆனால் அந்தப் படத்தில் தெரியாத ஒன்று உண்டு. அந்த மரங்கள் வரிசையாக நடப்பட்டவை அல்ல. ஒரு காலத்தில் அங்கே அடர்ந்த காடு இருந்தது. விவசாயத்துக்காகக் காட்டை வெட்டிய மக்கள் பாவோபாபை மட்டும் விட்டுவைத்தார்கள். மலகாசி மொழியில் அதன் பெயர் 'ரெனாலா', காட்டின் தாய். தாய் மட்டும் நிற்கிறாள், காடு போய்விட்டது. உலகம் ரசித்துப் படம் பிடிப்பது உண்மையில் ஒரு காட்டின் மிச்சத்தை. அதே மெனாபே பகுதியில் மிச்சமிருக்கிற காட்டையும் சோளத்துக்கும் வேர்க்கடலைக்கும் கடந்த பத்தாண்டுகளில் வேகமாக அழித்துவருகிறார்கள். உலகின் மிகச்சிறிய குரங்கினமான, சுமார் 30 கிராம் எடையே உள்ள எலி லெமூர் வாழ்கிற ஒரே இடம் அதுதான்.

ஆப்பிரிக்கக் கரையோரம் ஓர் ஆசிய வீடு

இயற்கையைவிட ஆச்சரியம் மனிதர்கள். ஆப்பிரிக்காவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், மலகாசி மொழியின் நெருங்கிய சொந்தம் போர்னியோ தீவின் பாரிட்டோ ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மஆன்யான் மொழி. நடுவில் சுமார் 7,000 கிலோமீட்டர் கடல். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் அவ்வளவு தூரம் படகில் வந்து குடியேறியவர்களும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களும் கலந்துதான் இன்றைய மலகாசி மக்கள். மக்கள்தொகை இப்போது மூன்று கோடிக்கு மேல்.

மேட்டுநிலத்துக்குப் போனால் படிப்படியாக நெல்வயல். காலையிலும் சோறு, மதியமும் சோறு, ராத்திரியும் சோறு. சோறு வடித்த பானையின் அடியில் பிடித்த தீய்ந்த பருக்கையோடு தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கிறார்கள். 'ரனோவோலா' என்று பெயர். நீராகாரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இறந்தவர்களோடு அவர்களுக்கு இருக்கிற உறவைப் பற்றித்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் பேசுவார்கள், அதிகம் தப்பாகவும் பேசுவார்கள். மேட்டுநிலத்தில் 'ஃபமடிஹானா' என்றொரு சடங்கு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஜூன் முதல் செப்டம்பர் வரையான குளிர்காலத்தில், குடும்பக் கல்லறையைத் திறந்து முன்னோரின் எச்சங்களை வெளியே எடுத்து, புதுப் பட்டுத்துணி சுற்றி, தோளில் தூக்கிக்கொண்டு ஆடிப் பாடித் திரும்ப வைப்பார்கள். யூடியூபில் இதற்கு வைக்கப்படும் தலைப்புகளைப் பார்த்தால் பயங்கரம் மாதிரித் தெரியும். அங்கே இருப்பவர்களுக்கு அது குடும்ப விழா. தாத்தாவிடம் பேரனுக்குக் கல்யாணமான செய்தியைச் சொல்கிற நாள். செலவு தாங்காமலும், சில தேவாலயங்களின் எதிர்ப்பாலும் இந்த வழக்கம் குறைந்துவருகிறது. அழைப்பு இல்லாமல் கேமராவோடு போய் நிற்கக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

பல கிராமங்களில் வாழ்பவர்களின் வீடு மண்ணும் மரமும், முன்னோரின் கல்லறை உறுதியான கல். வீடு கொஞ்ச நாளைக்கு, கல்லறை எப்போதைக்கும் என்பது கணக்கு.

இதோடு ஒட்டி வருவது 'ஃபாடி', அதாவது விலக்கு. இந்த ஊரில் பன்றிக்கறி ஆகாது, இந்த ஏரியில் குளிக்கக்கூடாது, கல்லறையைப் பார்த்து விரல் நீட்டக்கூடாது என்று ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். காட்டைக் காப்பாற்றியதில் ஃபாடிக்குப் பங்கு உண்டு. மரத்திலிருந்து விழுந்த மனிதனை இன்ட்ரி தாங்கிப் பிடித்தது என்றொரு கதை பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. அதனால் பல ஊர்களில் இன்ட்ரியைக் கொல்வது ஃபாடி. ஆனால் இதையே பெரிதாகக் கொண்டாடிவிடவும் முடியாது. ஐ-ஐ என்ற லெமூரைக் கண்டாலே கேடு வரும் என்று சில பகுதிகளில் நம்புகிறார்கள், அங்கே அதை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். நம்பிக்கை ஒரு விலங்கைக் காப்பாற்றுகிறது, இன்னொன்றைக் கொல்கிறது.

கலைகளில் 'ஹிரகாசி' ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு குழுக்கள் எதிரெதிராக நின்று பேச்சு, பாட்டு, ஆட்டம் என்று போட்டி போடும். தெருக்கூத்தும் பட்டிமன்றமும் கலந்தது மாதிரி. 2023இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் தொடக்கத்தில் வருகிற 'கபாரி' என்ற மேடைப்பேச்சுக் கலை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே பட்டியலில் ஏறிவிட்டது.

இவ்வளவும் இருந்து ஏன் கூட்டம் இல்லை?

பக்கத்தில் இருக்கிற மொரீஷியஸைப் பாருங்கள். சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். மடகாஸ்கரின் ஒரு மூலையில் வைத்தால் தெரியாது. 2024இல் அங்கே போன பயணிகள் 13 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டு மடகாஸ்கருக்கு வந்தவர்கள் சுமார் 3 லட்சம்.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். தலைநகரிலிருந்து பாவோபாப் சாலைக்கு சுமார் 700 கிலோமீட்டர், ஒரு நாள் முழுக்கக் காரில் உட்கார வேண்டும். சில பகுதிகளில் இரவில் வழிப்பறிக்குப் பயந்து வண்டிகள் சேர்ந்து சேர்ந்துதான் போகும். உள்நாட்டு விமானம் கிளம்பினால்தான் நிச்சயம். நான்கு பேரில் மூன்று பேர் வறுமையில் இருக்கிற நாடு. மின்சாரம் மூன்றில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் சீசன், 2022 பிப்ரவரியில் வந்த பட்சிராய் புயல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உலக வெனிலாவில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. ஒவ்வொரு பூவையும் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் விவசாயியின் வீட்டில் விளக்கு இல்லை.

இந்தப் பின்னணியில்தான் தலைநகரில் பெரும் செலவில் கேபிள் கார் கட்டப்பட்டது. குழாயில் தண்ணீர் வராத ஊரின் தலைக்கு மேல் கேபிள் கார். செப்டம்பர் போராட்டத்தின் முதல் நாளிலேயே அதன் நிலையங்களுக்குத் தீ வைக்கப்பட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2009இல் என்ன நடந்தது?

இங்கேதான் பழைய கதையைப் பார்க்க வேண்டும். 2009 மார்ச்சில் அப்போதைய அதிபர் மார்க் ரவலோமனனா கவிழ்க்கப்பட்டார். கவிழ்த்து வந்தவர், தலைநகரின் மேயராக இருந்த, அதற்கு முன்னால் டிஜேவாக இருந்த ஆண்ட்ரி ராஜோலினா. அவருக்குப் பின்னால் நின்ற ராணுவப் பிரிவு கேப்சாட். 2025இல் அவரை வீட்டுக்கு அனுப்பியதும் அதே கேப்சாட்தான்.

2009இல் டூரிஸ்ட் வரவு ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே விழுந்தது. வெளிநாட்டு உதவிகள் நிறுத்தப்பட்டன. காட்டுக்குக் காவல் இல்லை. வடகிழக்கில் மசோவாலா, மரோஜெஜி தேசியப் பூங்காக்களுக்குள் ஆயிரக்கணக்கான மரம் வெட்டிகள் புகுந்தார்கள். இலக்கு ரோஸ்வுட், நம்ம ஊர் ஈட்டி மரத்தின் இனம். சீனாவில் அந்த மரத்தில் செய்த நாற்காலி, கட்டிலுக்குக் கொள்ளை விலை. மரோஜெஜி பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடவே வேண்டியிருந்தது. உலகில் மிகவும் அருகிவிட்ட வெண்பட்டு சிபாகா லெமூர் இருக்கிற காடு அது. ஒரு ரோஸ்வுட் மரம் கனமானது, தண்ணீரில் மிதக்காது. அதை ஆற்றில் இறக்க லேசான மரங்களையும் வெட்டித் தெப்பம் கட்ட வேண்டும். ஒன்றுக்காகப் பல போகும். காட்டுக்குள் மாதக்கணக்கில் தங்கியவர்கள் லெமூரையும் வேட்டையாடித் தின்றார்கள்.

மரம் வெட்டிய கூலிக்காரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். லாபம் வியாபாரிகளுக்குப் போனது. 2013இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் மடகாஸ்கர் ரோஸ்வுட் சேர்க்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் சுமார் 30,000 மரத்துண்டுகள் பிடிபட்டன. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, கடைசியில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். கிழக்கு மழைக்காடுகளை 'ஆபத்தில் உள்ள' பாரம்பரியச் சின்னம் என்று 2010இல் யுனெஸ்கோ அறிவித்தது. அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வர 15 ஆண்டுகள் ஆயின. வெளியே வந்தது எப்போது தெரியுமா? 2025 ஜூலை. ஆட்சி கவிழ்வதற்கு மூன்றே மாதம் முன்னால்.

அப்படியானால் டூரிஸ்ட் வந்தால் காடு பிழைக்குமா?

சுற்றுலா நிறுவனங்கள் இப்படித்தான் சொல்லும். விடை அவ்வளவு நேராக இல்லை. கொரோனா காலம் இதற்கு ஒரு சோதனை மாதிரி அமைந்தது.

2020 மார்ச்சில் மடகாஸ்கர் தன் விமானங்களை நிறுத்தியது. டூரிஸ்ட் வரவு பூஜ்யம். பூங்காக்களில் களப்பணியும் நின்றது. 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' இதழில் 2022இல் வந்த ஆய்வு ஒன்று, அந்த மாதங்களில் பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஏற்பட்ட தீயைச் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கணக்கிட்டது. மார்ச் முதல் ஜூலை வரை, வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட 76 முதல் 248 சதவீதம் வரை தீ அதிகம். ஆனால் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த பகுதி. களப்பணி திரும்பத் தொடங்கியதும் தீ பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. அப்போதும் டூரிஸ்ட் வரவில்லை, மக்களின் கஷ்டமும் தீரவில்லை.

அதாவது, காட்டைக் காப்பாற்றியது விமானத்தில் வந்து இறங்கிய கூட்டம் அல்ல. காட்டோரத்தில் தினமும் நடமாடிய உள்ளூர்க் காவலர்கள், வழிகாட்டிகள், அவர்களுக்குக் கிடைத்த சம்பளம். டூரிஸ்ட் பணம் அந்தச் சம்பளத்துக்கு வருகிற பல வழிகளில் ஒன்று. அதுவும் எல்லாக் காட்டுக்கும் போவதில்லை. ஆண்டசிபே, இசாலோ, ரனோமபானா, சிஞ்சி என்று ஒரு கை விரலில் எண்ணக்கூடிய இடங்களுக்குத்தான் பெரும்பாலான பயணிகள் போகிறார்கள். லெமூர் கணக்கோ வேறு. 2020இல் ஐ.யு.சி.என். வெளியிட்ட மதிப்பீட்டில் 107 லெமூர் வகைகளில் 103 அழியும் ஆபத்தில் இருந்தன. அதில் 33 வகைகள் கடைசி விளிம்பில். அவற்றில் பல, டூரிஸ்ட் கால் படாத துண்டுக் காடுகளில்தான் இருக்கின்றன.

காட்டை எரிப்பது யார் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். ரோஸ்வுட் கொள்ளை வேறு, 'டாவி' வேறு. டாவி என்பது காட்டுத்துண்டை வெட்டி எரித்து, சாம்பலில் மலைநெல் விதைக்கிற பழைய முறை. இரண்டு மூன்று விளைச்சலுக்குப் பிறகு மண் சத்து போய்விடும், அடுத்த துண்டுக்குப் போவார்கள். நகரத்து அடுப்புகளுக்குக் கரி வேண்டும், அதற்கும் காடுதான். சமையல் கேஸ் வாங்க முடியாத குடும்பத்திடம் 'மரத்தை வெட்டாதே' என்று சொல்ல டூரிஸ்ட்டுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர் கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்.

பதில் சொன்ன ஊர் ஒன்று இருக்கிறது. தெற்கு மேட்டுநிலத்தில் அம்பலவாவோ நகரத்துக்குப் பக்கத்தில் ஆன்ஜா. பெரிய பாறைகளுக்கு அடியில் சின்னக் காடு, அதில் வளையவால் லெமூர்கள். 'மடகாஸ்கர்' கார்ட்டூன் படத்தில் ஆடுகிற ராஜா ஜூலியன் இந்த வகைதான். அந்தக் காட்டை அரசு நிர்வகிக்கவில்லை, கிராம மக்களின் சங்கம் நிர்வகிக்கிறது. வழிகாட்டிகள் ஊர்க்காரர்கள். நுழைவுக் கட்டணம் பள்ளிக்கூடத்துக்கும் மரக்கன்றுக்கும் மீன் குளத்துக்கும் போகிறது. 2012இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது. இங்கே லெமூரைக் கொன்றால் நஷ்டம் யாருக்கு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஆன்ஜாவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வருமானம் ஒரே வழி. தலைநகரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இந்தக் கிராமத்தின் கல்லா காலியாகும். காட்டைக் காக்கிற வேலையை டிக்கெட் காசோடு மட்டும் கட்டிப்போடுவது ஆபத்து என்று சொல்வதற்கு 2009, 2020, 2025 என்று மூன்று உதாரணங்கள் ஆகிவிட்டன. பதினாறு வருடத்தில் மூன்று முறை.

இந்தியாவிலிருந்து போக நினைப்பவர்களுக்கு

ஏப்ரல் கடைசி முதல் நவம்பர் வரை போகலாம். நைரோபி, அடிஸ் அபாபா, மொரீஷியஸ் வழியாக மாறிப் போவது வழக்கமான பாதை. 2024 செப்டம்பரில் துபாயிலிருந்து சீஷெல்ஸ் வழியாக எமிரேட்ஸும் பறக்கத் தொடங்கியது. குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வணிகக் குடும்பங்கள் அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன, 'கரானா' என்று அழைக்கிறார்கள். அதனால் பெரிய ஊர்களில் சமோசா கிடைக்கிறது, பெயரும் கிட்டத்தட்ட அதேதான். இங்கிலீஷைவிட பிரெஞ்சு உதவும். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது, வழக்கமான அறிவுரை என்றாலும், இந்த நாட்டு விஷயத்தில் நிஜமாகவே அவசியம்.

இரண்டு வாரம் இருந்தால் நாட்டின் ஒரு பகுதியைத்தான் பார்க்க முடியும். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் பாதி விடுமுறை காரிலேயே கழியும். தலைநகரிலிருந்து தெற்கே போகிற ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆன்சிராபேயின் கை ரிக்‌ஷா, நெல்வயல், ரனோமபானா, ஆன்ஜா, இசாலோ பாறைகள் என்று வரிசையாக வரும். லெமூரைத் தோளில் ஏற்றிப் படம் எடுக்கத் தருகிற ஹோட்டல்களும் வழியில் உண்டு. பெரும்பாலும் காட்டிலிருந்து குட்டியில் பிடித்து வந்தவை, வீட்டில் லெமூர் வளர்ப்பது அந்த நாட்டிலேயே சட்டவிரோதம். அந்த ஹோட்டலில் காபி குடிக்காமல் கிளம்பிவிடலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையோரம் செயின்ட் மரி தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள கால்வாயில் கூனல்முதுகுத் திமிங்கலங்கள் அண்டார்டிக்கிலிருந்து வந்து குட்டி போடும். அந்தத் தீவில் கடற்கொள்ளையர் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் படகு ஓட்டிச் சம்பாதிப்பதை வைத்துத்தான் கரையோரக் குடும்பங்கள் சில வருடம் முழுக்கச் சமாளிக்கின்றன. ராணுவ ஆட்சி தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகள்வரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறது. அதற்குள் திமிங்கலங்கள் இரண்டு முறை வந்து போய்விடும்.